ஜோடி ஆட்டம்

கோப்பையோடு வீடு திரும்பிய இரட்டையர் டென்னிஸ் வீரர், டிவியில் தன் ஆட்டத்தையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னாடி உங்க ஜோடிக்காரர் பந்தால வாயை மறைச்சுக்கிட்டு உங்க காதுல ஏதோ ஓதுறார். நீங்களும் பயபக்தியாத் தலையாட்டுறீங்க. அப்படி என்னதான் சொல்றார்?" என்றாள் மனைவி.

"யாருக்குத் தெரியும்? அவன் வெளிநாட்டுக்காரன். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது."

"இத்தனை வருஷமாவா?"

"ஏதோ பெரிய திட்டம் போடறோம்னு எதிராளிங்க மிரண்டுபோவாங்க. அது போதும்."

"அதுக்கு எதுக்குத் தலையாட்டணும்?"

"தலையாட்டிட்டா பிரச்சினையே வராது. எங்க ஜோடி உடையாம இருக்கறதே அதனாலதான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ, நான் பேசும்போது தலையாட்டுறீங்களே, அது?"

திரையில் கடைசிப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் தலையாட்டினார்.