மூடினால் தெரியும் முகங்கள்

பல்லடத்தில் எங்கள் விசைத்தறி ஆலையின் அலுவலக அறை. சுவருக்கு நேராக முதலாளி சிவநேசன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் தறி ஓட்டும் குப்புராசு, வலப்பக்கம் நூல் சுற்றும் செல்வநாயகி, கதவோரம் கடிதம் எழுத நான்.

ஆலையை மூட நினைக்கும் முதலாளி, மூடினால் தொழிலாளிகள் பிற்பாடு எப்படி இருப்பார்கள் என்பதை அவர்களோடு உட்கார்ந்து, வருங்காலம் காட்டும் இந்தச் சுவரில் பார்த்துவிட்டுத்தான் முடிவை அரசுக்குக் கடிதமாக எழுத வேண்டும் என்பது சட்டம். மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சுவர் காட்டாது. கடித உறையை ஒட்டியதும் சுவர் அணைந்துவிடும்.

முதலில் குப்புராசு தெரிந்தார். ஏதோ ஊரில், காவலாளி உடுப்பில், படிக்கட்டில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல எனக்குத் தொப்பி வேறயுங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "வேண்டாம் குப்புராசு. ஆலை ஓடட்டும்."

அதற்குள் சுவரில் செல்வநாயகி வந்தாள். கடலோர வீடு ஒன்றின் வாசலில் ஒரு சிறுமிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லாதவள். அந்தச் சிறுமிக்கு அவளுடைய மூக்கேதான்.

"அம்மிணி, நீயே சொல்லு," என்றார் முதலாளி. குப்புராசு தரையைப் பார்த்தார்.

அவள் எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்தாள். சிறுமி திரும்பிச் சிரித்தாள்.

"ஆலை ஓடட்டுமுங்க," என்றாள். "வர்றவளுக்கு இந்த ஊருக்கும் வழி தெரியுமுங்க."

எழுதினேன். அவள் கையை எடுக்கும்வரை காத்திருந்து, உறையை ஒட்டி அனுப்பினேன்.