கோத்த கை

அம்மா. மகளுடைய கணவன். கொழுந்தன் பிரபு. எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா. அவள்.

அம்மா வீட்டு டிவிக்கு எதிரே இவ்வளவு பேர்.

அண்ணன் உட்காரவில்லை. தன் அறை வாசலில் சாய்ந்து நின்றான்.

வேல்மயிலைப் பற்றிய ஆவணப்படம். ஊரே தூக்கிக் கொண்டாடிய கபடிக்காரன். அவளும் கொண்டாடினாள். பீரோக் கதவில் இன்னும் அவன் படம் ஒட்டியிருக்கிறது.

அண்ணனும் அதே அணியில் ஆடியவன். களத்தில் எப்போதும் வேல்மயிலின் கையைக் கோத்து நின்றவன்.

அந்த இறுதிப்போட்டி வரைக்கும்.

எதிரணியிலிருந்து பாடி வந்தவனை வளைக்கும்போது கோத்த கை பிரிந்தது. அவன் தப்பினான். ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

அண்ணன் காசு வாங்கிக்கொண்டு கையை விட்டான் என்றார்கள். வேல்மயில் தலையைக் குனிந்துகொண்டான். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அதன்பின் அண்ணனை எந்த அணியும் கூப்பிடவில்லை.

"நான் விடல."

அவளிடம் ஒரே ஒரு முறை சொன்னான்.

அவள் வேல்மயிலை நம்பினாள்.

இன்று எல்லோரையும் உட்கார வைத்ததும் அவள்தான். படத்திலாவது வேல்மயில் அண்ணனுக்காக ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்திருந்தாள்.

படம் ஓடியது. கடல். மேகம். வயலின். மறுபடி கடல்.

"ஆகாயத்துலயே கபடி ஆடுறானுங்க," என்றான் பிரபு.

வேல்மயிலின் தாய் விறகடுப்பை ஊதினாள்.

"அவங்க வீட்ல அப்பவே கேஸ் சிலிண்டர் வந்துருச்சு," என்றாள் அம்மா. "அடுப்பப் பாரு. கரியே பிடிக்கல."

அவள் பார்த்தாள்.

கரி பிடிக்கவில்லை.

அதன்பிறகு எல்லாவற்றையும் அப்படியே பார்த்தாள். பழைய பனியன் என்று ஒன்றைக் காட்டினார்கள். கிழிசல் நேராக இருந்தது. கத்தரிக்கோல் போட்டது. பயிற்சியாளர் கண்ணைத் துடைத்தார். கண்ணில் ஒன்றும் இல்லை.

கடைசியில் இறுதிப்போட்டி வந்தது.

வேல்மயில் கேமராவைப் பார்த்தான்.

"அவன் ஏன் கையை விட்டான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. மன்னிச்சிட்டேன்."

ஜெசிந்தா அக்கா உச்சுக் கொட்டினாள்.

யாரும் அறை வாசல் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அன்றைய வீடியோவிலிருந்து அந்தக் கணம், மிக மெதுவாக. திரையில் பெரிதாக வேல்மயிலின் முகம். வியர்வை. வயலின் உச்சத்துக்குப் போனது.

எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் கீழ் ஓரத்தைப் பார்த்தாள்.

ரிமோட்டை எடுத்தாள். பின்னால் ஓட்டினாள். நிறுத்தினாள்.

இரண்டு கைகள். ஒன்றில் கறுப்புக் கயிறு. போட்டிக்குக் கிளம்பும்போது அவளே அண்ணனுக்குக் கட்டியது.

கயிறு கட்டிய கை இறுக்கிப் பிடித்திருந்தது.

மற்றது வேல்மயிலின் கை. அதன் விரல்கள் ஐந்தும் விரிந்திருந்தன. பாடி வந்தவன் அப்போது அவர்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

முகத்துக்காக வைத்த காட்சி. கையும் பதிந்ததைப் படம் எடுத்தவர்கள் கவனிக்கவில்லை.

இல்லை, கவனித்துத்தான் வயலினைக் கூட்டினார்கள்.

அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். கயிற்றின் மேல் விரலை வைத்தாள்.

அவள் திரும்பினாள்.

"அண்ணே. நீ விடல."

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"அன்னைக்கே சொன்னேன்ல."

உள்ளே போனான். கதவைச் சாத்தினான்.

தாழ்ப்பாள் விழுந்தது.