வெறும் 'ம்'

"அரை மணி நேரமா வெறும் 'ம்' கொட்டிட்டே இருக்கான். இதுக்கு எப்படிம்மா மார்க் போடுறது?"

மேற்பார்வை அதிகாரி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டார். எதிரே அதே பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த உதவியாளர் பெண் அதை ஸ்பீக்கரில் ஓட விட்டாள்.

அரசின் மனநல உதவி எண் அது. ஆளில்லாமல், புகார்கள் குவிந்து, தள்ளாடிக்கொண்டிருந்தது. பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது இவர்கள் வேலை. இந்தக் கடைசி அழைப்பும் தேறாவிட்டால் சேவையை இழுத்து மூடிவிடுவதென்று மேலிடம் முடிவெடுத்திருந்தது.

பதிவில் ஒரு பெண், அடுப்பு துடைத்ததிலிருந்து தூக்கம் வராதது வரை ஒன்றுவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தாள். பெயர் வரும் இடங்களையெல்லாம் வெட்டியிருந்தார்கள். மறுமுனையில், உதவி எண்ணில் பதில் பேசும் இளைஞன் 'ம்' என்றான். கொஞ்சம் இழுத்து 'ம்ம்ம்' என்றான். சட்டென்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் இதே எண்ணில் உட்கார்ந்து பேசியவர்தான் அவரும். யோசனைகளை அடுக்குவார், கூப்பிட்டவர்கள் பாதியிலேயே வைத்துவிடுவார்கள். முகம் தெரியாத ஒரு பொடியன், உதட்டைக்கூடப் பிரிக்காமல் ஒருத்தியைச் சிரிக்க வைத்துவிட்டான்.

ஆலோசனை எதுவுமே தரவில்லை, அதனால் பூஜ்ஜியம் என்று சொல்லி எழுதியும்விட்டார்.

உதவியாளருக்குப் புரிந்துவிட்டது. பொறாமையா சார் என்று மேலதிகாரியிடம் கேட்கவா முடியும்? சுற்றிவளைத்துச் சொன்னாள்.

"முதல்ல கூப்பிட்டப்ப இந்தம்மா அழுததைத் தவிர வேற ஒண்ணும் பேசல சார். அந்தப் பதிவையும் கேட்டேன். இதையும் மூடிட்டா, பாவம், யார்கிட்டப் போய்ப் பேசுவாங்க?"

அதிகாரி அந்தச் சிரிப்பை மட்டும் மறுபடி ஓட விட்டுக் கேட்டார். பிறகு பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு, முழு மதிப்பெண் போட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன சார், பையன் மேல திடீர்னு பாசம்?"

"பாசமா? அவனை நினைச்சாலே பத்திக்கிட்டு வருது," என்றார் அதிகாரி. "போன்ல பேசினது என் பொண்டாட்டி. அவ இப்படிச் சிரிச்சு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."