ஒட்டியிருந்த அமோனியா

டங்ஸ்டன் ஆக்சைடை அறுகோணப் படிகமாக நிற்கவைக்க ஆராய்ச்சி மாணவி முப்பிடாதிக்கு நான்கு வருடங்கள் பிடித்தன. கட்டுரை அச்சானபோது பேராசிரியர் சடகோபன் பெயர் மட்டும் இருந்தது. அவள் பெயர் இல்லை. கட்டுரை சொல்வது உண்மைதானா என்று நாளை நிபுணர்கள் அந்தப் படிகப் பொடியைச் சோதிக்க வருகிறார்கள்.

"இதுல அமோனியா ஒட்டிக்கிட்டிருக்கேம்மா. அத்தனையையும் ஐந்நூறு டிகிரியில சுட்டு, அழுக்கை எடுத்துடு," என்றார் அவர்.

அந்தத் துளி அழுக்குதான் அறுகோணத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அது போனால் படிகம் சரிந்து, கடையில் கிடைக்கும் சாதாரண ஆக்சைடாகிவிடும். நான்கு வருடங்களில் ஒருநாள்கூட உலைப்பக்கம் எட்டிப்பார்க்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

முப்பிடாதி பொடி முழுவதையும் உலைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு பணிவாக ஒதுங்கி நின்றாள்.

"சுவிட்சை நீங்களே போடுங்க சார். உங்க பொடிதானே."