மாட்டுக்கண்ணின் வில்லை

ஆய்வுக்கூடத்து ஜன்னல் வெயில் எஃகுத் தட்டில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. தட்டில் பாதியாக வெட்டிய மாட்டுக்கண். காலையில் தத்துவம், இப்போது உயிரியல், மதியம் ஓவியம் என்று ஒரே பட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மாணவி, கண்ணின் லென்ஸான வில்லையை இடுக்கியால் எடுத்துச் செய்தித்தாள் துண்டின்மேல் வைக்கிறாள். அதன் அடியில் எழுத்துகள் உப்பித் தெரிகின்றன. மேசையில் போன் அதிர்கிறது. அம்மா. கண்புரை அறுவைக்காக ஆஸ்பத்திரியில் காத்திருப்பவள். மாணவியின் கையெல்லாம் ஈரம். பக்கத்திலிருக்கும் தோழி போனை அவள் காதில் வைத்துப் பிடிக்கிறாள்.

“பொண்ணு என்ன படிக்குதுன்னு டாக்டர் கேட்டாரு. எனக்கு வாயில நுழைஞ்சாத்தானே சொல்றதுக்கு?” என்கிறாள் அம்மா. “பயமா இருக்காம்மா?” “பயமெல்லாம் ஒண்ணுமில்ல.” அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். “கண்ணுக்குள்ளேருந்து எதையோ எடுப்பாங்களாமே. அது எப்படிடி இருக்கும்?” மாணவி செய்தித்தாளின் மேலிருக்கும் வில்லையைக் குனிந்து பார்க்கிறாள். “பட்டாணி அளவுதாம்மா. உன்னுது மங்கிப்போச்சு, அதான் மாத்துறாங்க.” “நீ பாத்திருக்கியா?” “மாட்டோடது ஒண்ணு, இப்பத்தான் எடுத்தேன். முழுசா வந்துடுச்சு.” “நீயே எடுத்தியா?” “நானேதாம்மா.” அம்மா மூச்சு விடுவது கேட்கிறது. பிறகு அங்கே நர்ஸிடம் அவள் சொல்கிறாள்: “நான் ரெடிம்மா. போகலாம்.”