பதினைந்து விநாடிக்கு ஒரு கோடு

“இன்னிக்கும் வந்துட்டாங்களா?”

மேனேஜர் ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தார். தூசி வெளிப்பக்கம் இருந்தது.

“வந்துட்டாங்க சார்,” என்றார் மேஸ்திரி. “மூணாவது நாள்.”

மணல் குவாரியின் வேலிக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தாள். கறுப்புக் குடை முகத்தை மறைத்தது. கையில் நோட்டு. நிமிர்ந்து பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தாள். கல்லை மணலாக அரைக்கும் மெஷினிலிருந்து வெள்ளைத் தூசி எழுந்து வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“சும்மா வேடிக்கை பார்க்கறவங்களா இருக்கும்யா.”

“வெயிலை முதுகுக்குக் குடுத்து நிக்கறாங்க, பாருங்க. பதினஞ்சு விநாடிக்கு ஒரு தடவை பார்த்து ஒரு கோடு. நான் முன்னாடி இருந்த குவாரியில அதிகாரிங்க தூசியை இப்படித்தான் அளந்தாங்க. அடுத்த வாரம் சீல் வெச்சாங்க.”

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

“உன் வீடு வேலி ஓரம்தானே? அந்தம்மாவைப் பார்த்ததில்லையா?”

“என் பொண்ணு இருமறதைப் பார்க்கவே நேரம் சரியா இருக்கு சார்.”

“கூப்பிட்டு ஒரு காபி குடுத்துப் பேசினா?”

“அதையும் எழுதிக்குவாங்க.”

மேனேஜர் கதவு வரை போய்விட்டார். மேஸ்திரி குறுக்கே போய் நின்றார்.

“நீங்க போகாதீங்க சார். தூசி அடங்கத் தண்ணியைத் திறக்கச் சொல்லுங்க, அது போதும்.”

“தண்ணி அடிச்சா மணல் ஈரமாயிடும். சல்லடையில இறங்காது.”

“சீல் வெச்சா நாமதான் தெருவில இறங்கணும்.”

குடை அசையவில்லை. நோட்டில் இன்னொரு கோடு விழுந்தது.

“திறந்து தொலை,” என்றார் மேனேஜர்.

ஆறு மாதமாக மூடிக் கிடந்த குழாய்கள் இருமின, பிறகு பீய்ச்சின. தூசி அடங்கியது. மேஸ்திரி கொட்டகைக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் போட்டார்.

“மனுஷன் ஆடிப்போயிட்டார். தண்ணி திறந்தாச்சு. நீ குடையை மடக்கிட்டு வீட்டுக்குப் போ.”

“எந்தக் குடை? காலையில பாப்பாவுக்கு மூச்சு முட்டிருச்சுங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிவந்தேன். நான் இன்னிக்கு அங்க வரவே இல்லை.”

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். குடையை மடக்கிக்கொண்டு, கழுத்தில் அரசு அடையாள அட்டை தொங்க, அந்தப் பெண் கேட்டை நோக்கி நடந்து வந்தாள்.