புளியங்கிளையில் ஏரியல்
புயல் ஓய்ந்த பிறகு வெளுத்த காலை. கறம்பக்குடி ரோட்டில் ஜல்லி உடைக்கிறவர்கள் வழிப்போக்கர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைச் சூழ்ந்து நிற்கிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பெட்ரோல் டாங்கின் மேல் கட்டியிருக்கும் டிரான்சிஸ்டர் கரகரக்கிறது. “ரேடியோவுக்கும் குளிர்காய்ச்சலாங்க?” என்றபடி அவர்களில் ஒருவனான சோலையப்பன் ஏரியல் கம்பியைப் புளியங்கிளையில் வீசி மாட்டுகிறான். இரைச்சல் குறையவில்லை. “எஞ்சின நிறுத்துங்கய்யா,” என்று கெஞ்சுகிறாள் செவந்தி. அவள் புருஷன் தனுஷ்கோடிக்குக் கருவாட்டு வேலைக்குப் போயிருக்கிறான். எஞ்சின் நின்றதும் செய்தி பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்கிறது. தனுஷ்கோடியில் வீடு இல்லை, கோயில் இல்லை, ஸ்டேஷன் இல்லை. சோலையப்பன் தலைத்துண்டை அவிழ்க்கிறான். காதைப் பொத்தப் போன செவந்தியின் கை, கல்தூசியோடு பாதியில் நிற்கிறது. “வண்டியக் கெளப்புங்கய்யா, அந்த இரைச்சலே வரட்டும்.” யாரும் அசையவில்லை. அவளே வெறுங்காலால் கிக்கரை மிதிக்கிறாள், மறுபடி மிதிக்கிறாள். எஞ்சின் பிடிக்கவில்லை, குரல் தெளிவாக வாசித்துக்கொண்டே போகிறது.